இன்டர் காத்து

என் ஓரகத்தி ராஜகனியோட விலா எலும்புக்கு நடுவுல இருந்து சாரக்காத்து அடிக்க ஆரம்பிச்ச மத்தியானம் நான் அவளுக்கு நேர் எதுக்க உக்காந்து பீடி சுத்திக்கிட்டு இருந்தேன், என் தட்டுல இருந்த பீடித்தூள் அத்தனையும் ஒரே வீச்சுல எந்திரிச்சு என் கண்ணுல வந்து விழுந்துச்சு, அதனால சுண்டங்குறிச்சி ஊரே அந்தக் காத்தை மொத மொதல்ல மேல வாங்கி 'ஆகா, ஆகா'ன்னு சொன்ன நேரத்துல நான் ஒருத்தி மட்டும் கண்ணைக் கசக்கி அழுதுக்கிட்டு இருந்தேன். இதை எதுக்குச் சொல்லுதேன்னா, பின்னால எல்லாவளும் 'பிரம்மசக்திக்குப் பொறாமை, அதான் அன்னைக்கே அழுதா'ன்னு பேசினாளுவ. பொறாமை பெறகுதான் வந்துச்சு. அன்னைக்கு அழுதது தூளுக்கு.

எங்க ஊரைப் பத்திச் சொல்லணும்னா காத்தைப் பத்தித்தான் சொல்லணும், ஏன்னா அது எங்களுக்குக் கிடையாது. ஆனி, ஆடியில மேக்க ரெண்டு மலைக்கு நடுவுல இருக்க கணவாய் வழியா சாரக்காத்து கெளம்பி, குத்தாலத்தை நனைச்சு, தென்காசியைக் குளுத்தி, வழியில போறவன் வாரவன் வேட்டியை எல்லாம் தூக்கிப் பாத்துட்டு, எங்க ஊருக்கு ரெண்டு ஊரு முந்தியே என்னத்தைக் கண்டுச்சோ, அப்படியே வடக்க திரும்பிரும். இங்கன இருந்து பாத்தா மலை நீலமாத் தெரியும், மலை மேல மேகம் தெரியும், ஆனா ஒரு இலை அசையாது. அடுத்த ஊர்ல பொண்ணு எடுத்தா 'உங்க ஊர்ல காத்து இல்லையாமே'ன்னு கேப்பாவ. வரதட்சணைக்குச் சமமா ஃபேன் கேக்க ஊரு எங்க ஊரு.

ராஜகனி என் கொழுந்தன் பொண்டாட்டி. கொழுந்தன் தங்கப்பாண்டிக்குக் கொல்லத்துல பேக்கரி வேலை, எப்பமாவது ஒரு தடவை வருவான். பிள்ளை குட்டி கிடையாது அவளுக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒரு நாள் சமையல் என் முறை, மறுநாள் அவ முறை. மிச்ச நேரம் பூரா வளவுல மத்த வீட்டுப் பொம்பளையளோட வட்டமா உக்காந்து மடியில தட்டை வச்சுப் பீடி சுத்துவோம். குனிஞ்சே சுத்துதவளுக்கு விலா பிடிக்கத்தான் செய்யும். எனக்கும் பிடிச்சிருக்கு, தவிட்டை வறுத்து ஒத்தடம் குடுத்துட்டு நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன். அவளுக்குப் பிடிச்சா மட்டும் ஆஸ்பத்திரி. "ஏளா பிரம்மசக்தி, நீயே தொணைக்குப் போயிட்டு வா"ன்னு மாமியா என்னையத்தான் அனுப்புனா.

டவுனு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால எஸ்தர் டாக்டர்னு ஒரு டாக்டரம்மா இருக்காவ, கண்ணாடியை நெத்தியில தூக்கி விட்டுக்கிட்டுத்தான் நோயாளியைப் பாப்பாவ. ராஜகனி விலாவுல ரெண்டு வெரலை வச்சு அமுக்கி "மூச்சை இழு"ன்னாவ. இவ இழுத்தா, பாதியில 'அம்மா'ன்னு நின்னுட்டா. "இன்டர்காஸ்டல்"னாவ டாக்டரம்மா. அது என்னதும்மான்னு நான்தான் கேட்டேன், அவ கேக்கல, இதை நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. "இன்டர்னா நடுவுலன்னு அர்த்தம்மா, லத்தீன் பாஷை. காஸ்டல்னா விலா. விலாவுக்கும் விலாவுக்கும் நடுவுல இருக்க தசை பிடிச்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையை விடாமப் போடணும், கொஞ்ச நாளைக்குக் குனியப்பிடாது." நான் கேட்ட கேள்விக்கு வந்த பேரு அது. காத்து போய்ச் சேந்தது அவளுக்கு.

அன்னைக்கு மத்தியானம் அவ குனியாம நிமுந்து உக்காந்து ஒரு மூச்சு இழுத்து விட்டாளோ இல்லையோ, ரவிக்கையோட விலாத் தையல் விம்மி, முந்தி பறந்து, ஈரப் பாறை வாசமும் தண்ணி விழுத வாசமும் கலந்து குளுகுளுன்னு வந்துச்சு காத்து. ஏன் வருது, எப்படி வருதுன்னு ஒரு ஆளு கேக்கணுமே! மாமியா பாக்கியத்தாய் கேட்ட மொதக் கேள்வியே "ஏட்டி ராஜகனி, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காரு"ங்கிறதுதான். அவளும் திரும்பி உக்காந்தா.

மறுநாளே வட்டம் கலைஞ்சுது. தூள் பறக்குதுன்னு ராஜகனியை மேக்கச் சுவரு ஓரமா உக்கார வச்சு, மத்தவளுவ எல்லாம் முதுகைக் காத்துக்குக் குடுத்துத் தட்டை மறைச்சு உக்காந்துக்கிட்டாளுவ. பச்சைப்பிள்ளைக்காரிய தொட்டிலை அவ பக்கத்துல கொண்டாந்து கட்டினாளுவ. தையக்காரி அவ ரவிக்கை எல்லாத்தையும் வாங்கிட்டுப் போயி விலாப் பக்கம் சன்னமா வலைத்துணி வச்சுத் தச்சுக் குடுத்துட்டு, கூலிக்குப் பதிலா அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து எந்திரிச்சா. சடங்கு வீடு, கல்யாண வீடு எதுன்னாலும் மொதப் பாக்கு ராஜகனிக்கு. பந்தி நடக்க இடத்துல ஒரு நாற்காலி போட்டு, பொண்ணு மாப்பிள்ளைக்கு வைக்க மாலையில ஒண்ணைக் குறைச்சு அவ கழுத்துல போடுவாவ. கரண்டு போனா ஆபீஸுக்குப் போன் போடுததை எங்க ஊரு மறந்தே போச்சு. "ராஜகனி எங்க இருக்கா?"ன்னுதான் கேப்பாவ.

பெறகு ஒவ்வொருத்தரா எஸ்தர் டாக்டர்கிட்ட ஓடினாவ. வண்ணாக்குடி மாரியம்மைக்குத் தண்ணியிலயே கெடந்து வெரல் இடுக்குல புண்ணு, 'இன்டர்டிஜிட்டல்'னு சொல்லிட்டாவ டாக்டரம்மா, அன்னையில இருந்து அவ வெரலை விரிச்சா காப்பி ஆத்தாமலே ஆறிரும். லாரி ஓட்டுத சேர்மக்கனிக்கு முதுகெலும்புத் தட்டு விலகி 'இன்டர்வெர்டிபிரல்' வந்துச்சு, அவரு முன்னால நடந்தா பின்னால போறவங்களுக்குச் சொகம். பள்ளிக்கூட வாட்ச்மேனுக்கு விட்டு விட்டு வார 'இன்டர்மிட்டென்ட்' காய்ச்சல். காத்தும் அப்படியே விட்டு விட்டுத்தான் வரும், நம்பிப் பக்கத்துல படுக்க முடியாது. பீடிக்கடையில ஆயுசு பூரா இலை நிறுத்துப் போட்ட வைத்திலிங்கத்துக்கு நெஞ்சுக்குள்ள 'இன்டர்ஸ்டிஷியல்'னு ஒண்ணு. ரொம்பச் சன்னமான காத்து, ரொம்பக் குளுமை. நாளாக நாளாக மனுசன் எலும்பாப் போனாரு, காத்து மட்டும் அருமையா வந்துச்சு. அவரு செத்த வீட்டுல உக்காந்து ஊரே அழுதுச்சு, 'என்னா காத்து, என்னா காத்து'ன்னு.

நடுவுலன்னு பேரு வந்தாத்தான் காத்து, வேற எந்தப் பேருக்கும் கிடையாது. பழைய பிரசிடெண்டு 'ஹைப்பர்டென்ஷன்' வச்சிருந்தாரு. "எவ்வளவு பெரிய பேரு! பத்து ஊருக்குக் கேக்க பேரு! ஒரு விசிறிக் காத்துக்குக்கூட வழி இல்லையே"ன்னு அவரு கத்தக் கத்த அவருக்கு அந்த வியாதி கூடிக்கிட்டே போச்சு. வீட்டுலயே 'இன்டர், இன்டர்'னு சொல்லிப் பாத்தவங்க உண்டு. டாக்டரம்மா வாயால வரணும், அதுவும் வலி நெசமா இருக்கணும். அதான் கணக்கு.

இப்பம் என் கதைக்கு வாரேன். ஊரு அவளைக் கொண்டாடினதுல எனக்கு ஒண்ணும் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன், இருந்துச்சு, வயிறு எரிஞ்சுது. எங்க வீட்டு ஆளு துரைப்பாண்டி லோடு ஆட்டோ ஓட்டிட்டு வந்ததும் என்னைத் தாண்டிப் போயி தம்பி பொண்டாட்டி இருக்க திசையில, மரியாதையாத்தான், தூரமாத்தான், ஒரு துண்டை விரிச்சுப் படுப்பாரு. "என் பக்கம் உக்காந்தா என்னவாம்?"னு கேட்டா, "உன் பக்கம் அனலா அடிக்குதுட்டி"ம்பாரு. போவட்டும், ஆம்பளைக்கு எங்கன காத்தோ அங்கன படுக்கை. மாமியா அவளுக்கு மீன் தலையை எடுத்து வச்சா, அதுவும் போவட்டும். நான் தாங்கிக்கிட்டேன். என் பிள்ளை தேவிகா போனதைத்தான் என்னால தாங்க முடியல.

பால்வாடிக்குப் போற பிள்ளை. பெத்த நாள்ல இருந்து என் வயித்துல காலைப் போடாம உறங்கினது கிடையாது. ஒரு நாள் சாப்பிட்டுட்டுத் தலகாணியை இழுத்துக்கிட்டே போகுது. "எங்கட்டி போற?"ங்கேன். "சித்திகிட்ட."

"ஏன், அம்மா பக்கத்துல படுத்தா என்ன?"

"உன் பக்கம் வேக்காடும்மா."

அம்புட்டுத்தான். ராஜகனி பாயில போயி அவ விலாவுக்கு நேரா முகத்தை வச்சுக்கிட்டு, கால் ரெண்டையும் தூக்கி அவ வயித்துல போட்டுச்சு. பிள்ளையோட நெத்தி முடி பறக்குது, அவ அதை ஒதுக்கி விடுதா, திரும்பப் பறக்குது, திரும்ப ஒதுக்கி விடுதா. வேலை வெட்டி இல்லாதவ மாதிரி அதையே செஞ்சுக்கிட்டு இருக்கா. நான் சுவத்துப் பக்கம் திரும்பி ஒருக்களிச்சுப் படுத்தேன். அவ காத்து என் மேல படப்பிடாதுன்னு அன்னையில இருந்து வெறுந்தரையில அந்த ஒரே பக்கமாத்தான் படுத்துக் கெடந்தேன், மூச்சை அடக்கிக்கிட்டு.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், நான் பாக்காம இல்ல. அவ மூச்சு விட்டாத்தான் காத்து, மூச்சு விட்டாத்தான் வலி. காத்து நல்லா வரட்டும்னு மாமியா "இழுத்து விடுட்டி, இழுத்து விடு"ம்பா. இவ இழுப்பா, கண்ணு ஓரத்துல தண்ணி முட்டும், எல்லாரும் கண்ணை மூடி 'அப்பாடா'ம்பாவ. மாத்திரையை மாமியா வாங்கி அரிசிப்பானைக்குப் பின்னால வச்சிட்டா. "இங்கிலீஷ் மருந்து சூடுல்லா, சும்மா சும்மா போடப்பிடாது." பக்கத்து வீட்டுக்காரியும் ஆமான்னா, தையக்காரியும் ஆமான்னா. ஊருல ஒரு ஆளு, ஒத்தை ஆளு, 'வலிக்கா?'ன்னு அவகிட்ட கேக்கல. நானும் கேக்கல. எனக்கு என்ன தலைவிதியா?

பீடிக்கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு ஒரு நாள் நான் தனியா எஸ்தர் டாக்டர்கிட்ட போனேன். ராஜகனி எப்படி விலாவைப் பிடிப்பாளோ அப்படிப் பிடிச்சேன், எப்படிப் பாதி மூச்சுல நிப்பாளோ அப்படி நின்னேன், அவளை விட ஒரு கட்டை ஒசத்தியாவே 'அம்மா'ன்னேன். டாக்டரம்மா அமுக்கிப் பாத்தாவ, குழாயை வச்சுப் பாத்தாவ, கண்ணாடியை இறக்கிவிட்டு என் மூஞ்சியைப் பாத்தாவ.

"உனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்க. முருங்கைக்கீரை சாப்பிடு."

உனக்கு ஒண்ணுமில்ல! கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட துடைச்சிட்டு வந்திருப்பேன். "சின்னதா ஒரு இன்டர் கூடவா இல்ல டாக்டரம்மா? வெரலு, பல்லு, எங்கனயாவது பாருங்களேன்"னு கேட்டுட்டேன், வெக்கத்தை விட்டு.

"உங்க ஊர்ல இருந்து வாரவங்க எல்லாருமே பேரு கேட்டுத்தாம்மா வாரீங்க. கொணமாகணும்னு ஒருத்தராவது வாரீங்களா? எனக்கு வலியைப் பத்தித்தான் தெரியும், காத்தைப் பத்திக் கரண்டு ஆபீஸ்ல போயிக் கேளுங்க." எழுதிக்கிட்டே கேட்டாவ: "ஆமா, அந்த ராஜகனி மாத்திரை போடுதாளா? போட்டிருந்தா இந்நேரம் எல்லாம் நின்னிருக்கணுமே."

எல்லாம் நின்னிருக்கணுமே. பஸ்ஸுல வரும்போது ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சுக்கிட்டு அந்த ஒரு வார்த்தையைத்தான் சப்பிச் சப்பிச் சாப்பிட்டுக்கிட்டு வந்தேன். எனக்குக் கிடைக்காதுன்னா அவளுக்கும் வேண்டாம். காத்து நின்னா வேக்காடு ரெண்டு பக்கமும் ஒண்ணு, அப்பம் பிள்ளை பெத்தவகிட்ட வந்துதானே ஆகணும். இறங்கும்போது எனக்கே என்னை நெனச்சுப் பெருமையா இருந்துச்சு.

மறுநாள் என் சமையல் முறை. அரிசிப்பானைக்குப் பின்னால கையை விட்டு ஒரு மாத்திரையை எடுத்து, டம்ளர் அடியால நச்சி, பொடியாக்கி, அவ கஞ்சியில மட்டும் கலக்கினேன். எங்க ஊர்ல ஆகாதவளுக்குச் சோத்துல மருந்து வைக்கதுன்னா பெரிய பாவம், குடும்பத்தையே ஒதுக்கி வைப்பாவ. எனக்கு இது பாவமாப் படல. டாக்டர் எழுதுன மருந்து, அவ பேருக்கு எழுதுன மருந்து. ஆனா நான் வச்சது வெந்து போன மனசோடதான், அதை மறைச்சு என்ன செய்ய?

ராஜகனி ஒரு வாய் குடிச்சா. கும்பாவை இறக்கி வச்சா.

"கஞ்சி கசக்குதேக்கா."

"பீடி சுத்துத கையி. கசக்காம இனிக்குமா?"ன்னேன். இது எங்க பொழப்புல உள்ளதுதான். எம்புட்டு சோப்புப் போட்டுக் கழுவினாலும் தூளோட கசப்பு வெரல்ல இருக்கும், பிசையுத சோத்துல இருக்கும், ஊட்டுத பிள்ளை வாயில இருக்கும். நாங்க கசப்பைக் கேள்வி கேக்க மாட்டோம். ராஜகனி என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பாத்தா. பெறகு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டுக் கும்பாவைக் கழுவி வச்சா.

அப்படியே ஒண்ணு விட்ட ஒரு நாள் என் முறை வரும்போதெல்லாம். மருந்து பிடிக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியணும்லா, ஒரு மத்தியானம் கேட்டேன்: "ஏட்டி, வலிக்கா?" அவ திடுக்குன்னு நிமுந்தா. வயித்துல கால் போட்டு உறங்குத என் பிள்ளையைப் பாத்தா. "ஒண்ணுமில்லக்கா"ன்னா. ஒண்ணுமில்லன்னா காத்து எப்படி வருது, பொய் சொல்லுதா சிறுக்கி, கொணமாகிரும்னு பயப்படுதான்னு எனக்கு அவ மேல இன்னும் ஆங்காரம்தான் கூடிச்சு.

காத்து குறைஞ்சுது. மொதல்ல முந்தி பறக்கது நின்னுது, பெறகு தொட்டில் ஆடுதது நின்னுது, பெறகு பக்கத்துல மூக்கை வச்சாத்தான் ஈரப் பாறை வாசம். அம்மன் கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குச் சாமியாடியைக் குளுத்துததுக்கு அவளை முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சாவ. "விடுட்டி ராஜகனி"ன்னு ஊரே கை கூப்பி நின்னுது. அவ நெஞ்சு நெறைய ஒரு மூச்சு இழுத்தா, எங்கயும் நிக்காம, முகம் சுளிக்காம, பாதியில 'அம்மா' சொல்லாம, முழு மூச்சு. விட்டா. ஒண்ணும் வரல. அவளுக்கே நம்ப முடியல, இன்னொரு தடவை இழுத்து விட்டுட்டு, அத்தனை பேரு மத்தியில சிரிச்சுட்டா.

ஊரு சிரிக்கல. மாமியா நேரா வீட்டுக்குப் போயி அரிசிப்பானைக்குப் பின்னால கையை விட்டா, வெறும் மாத்திரை அட்டை வந்துச்சு. "மருந்து வச்சிட்டா! பாவி மட்டை, என் மருமவளுக்கு மருந்து வச்சிட்டா!"ன்னு தெருவுல நின்னு அவ போட்ட சத்தத்துல கொட்டுக்காரனே கொட்டை நிறுத்திட்டான். ஊரே என் மேல பாஞ்சுது. எங்க வீட்டு ஆளு தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. நான் விடுவேனா? "ஆமா, வச்சேன்! டாக்டர் குடுத்ததைத்தானே வச்சேன். ஒளிச்சு வச்சவளை எவனாவது கேட்டியளா?"ன்னு நானும் கத்துனேன்.

அப்பம் ராஜகனி வந்தா. எல்லாரையும் விலக்கிக்கிட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லப்பிடாது. இந்த ஊர்ல வலிக்கான்னு என்கிட்ட கேட்டது இவ ஒருத்திதான். எனக்கு மருந்து குடுத்ததும் இவ ஒருத்திதான்."

பாத்தியளா அவ செஞ்ச வேலையை! நான் பொறாமையில செஞ்சதைப் புண்ணியமாக்கிட்டா. அந்தக் கையை என்னால உதறவும் முடியல, பிடிக்கவும் முடியல. அத்தனை பேரு முன்னால அவ பெரிய மனுசி ஆயிட்டா, நான் அவ குடுத்த நல்ல பேரைச் சொமந்துக்கிட்டு நிக்கேன். காத்து போயும் அவதான் ஒசத்தி.

மாமியா மனசு ஆறல. போன பேரைத் திரும்ப வாங்கிட்டு வாங்கன்னு மறுநாளே எங்க ரெண்டு பேரையும் டாக்டரம்மாகிட்ட விரட்டினா. "சுத்தமா சரியாப் போச்சு. இனி பேரு கிடையாது"ன்னாவ டாக்டரம்மா. எனக்கு வந்துச்சே ஒரு சிரிப்பு! அடக்க அடக்கப் பொத்துக்கிட்டு வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது இடது விலாவுல சுருக்குன்னு கத்தியை வச்சு இழுத்த மாதிரி ஒண்ணு பிடிச்சுது, மூச்சு பாதியில நின்னுட்டுது. டாக்டரம்மா ரெண்டு வெரலை வச்சு அமுக்கினாவ. "எப்பவும் ஒரே பக்கமாவா படுக்க? தரையிலயா? இதுவும் இன்டர்காஸ்டல்தான்மா. அவளுக்கு எழுதுனதே உனக்கும்."

இம்புட்டு நாளா எதுக்கு ஏங்கினேனோ அது வந்துட்டுது. வெளியில வந்து மூச்சை விட்டுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல விட்டுப் பாத்தேன், இல்ல. எனக்குன்னு வரும்போது லத்தீன் பாஷைக்குக்கூட சத்து இல்லாமப் போச்சேன்னு நெனச்சுக்கிட்டேன். மாத்திரையை முந்தியில முடிஞ்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா உச்சி வெயிலு, கரண்டு இல்ல, இலை அசையல. ராஜகனி பாயை விரிச்சுப் படுத்தா, அவகிட்ட இருந்து ஒரு பொட்டுக் காத்து கிடையாது. நான் என் பாயை விரிச்சுப் போட்டு, பிள்ளைக்கு இடம் விட்டு, காத்துக் கெடக்கேன். தேவிகா தலகாணியை இழுத்துக்கிட்டு வந்துச்சு. என்னைப் பாத்துச்சு. நேரா சித்திகிட்டப் போயி வயித்துல காலைத் தூக்கிப் போட்டுச்சு.

"அங்கனயும் இப்பம் வேக்காடுதானட்டி"ன்னேன்.

"பரவால்லம்மா"ன்னுச்சு பிள்ளை.

அப்பம் நான் அழுதேன். தூளுக்கு இல்ல. எந்திரிச்சுப் போயி, வெக்கம் மானம் பாக்காம, என் பாயைத் தூக்கிக்கிட்டுப் போயி பிள்ளைக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான்னு ஒட்டிப் போட்டுப் படுத்தேன். அழுத மூச்சு விலாவுல தட்டித் தட்டி வருது, ஒவ்வொண்ணும் கொல்லுது. பிள்ளையைப் பாத்தேன். பிள்ளையோட நெத்தி முடி அசையுது. ராஜகனி பக்கமாப் பறக்குது. பாரு, முடிகூட அவ பக்கம்தான் போகுதுன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பெறகுதான் உறைச்சுது. அவ பக்கமாப் பறக்குதுன்னா, காத்து இந்தப் பக்கமிருந்துல்லா வருது.

ஈரப் பாறை வாசம். தேவிகா தூக்கத்துலயே முகத்தைத் திருப்பி என் விலாவுக்கு நேரா வச்சுச்சு. நான் அந்த முடியை ஒதுக்கி விட்டேன், திரும்பப் பறந்துச்சு, திரும்ப ஒதுக்கி விட்டேன். கண்ணு ஓரத்துல தண்ணி முட்டுது, வலின்னா அப்படி ஒரு வலி. இந்த வலியை வச்சுக்கிட்டா இவ கல்யாண வீட்டுல எல்லாம் போயி உக்காந்தா?

ராஜகனி தலையைத் தூக்கிப் பாத்தா. "வலிக்காக்கா?"

பிள்ளை முகம் என் பக்கம் இருக்கு. "ஒண்ணுமில்லட்டி"ன்னேன்.

அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாத வார்த்தையா? பாத்துக்கிட்டே கெடந்தா.

இப்பம் மேக்கச் சுவரு ஓரம் என் இடம். மாமியா எனக்கு மீன் தலை வைக்கா, தையக்காரி என் ரவிக்கையை வாங்கிட்டுப் போயிட்டா, கொடைக்கு அடுத்த வருசம் நாற்காலி எனக்குத்தானாம். பிள்ளை நடுவுலதான் உறங்குது, கால் அவ வயித்துல, முகம் என் விலாவுல. மாத்திரையை நான் தொடல. முந்தியில முடிஞ்சது முந்தாநாள் பாத்தேன், முடிச்சு இருக்கு, உள்ள ஒண்ணு குறையுது.

நேத்து அவ சமையல் முறை. கஞ்சியை ஒரு வாய் குடிச்சேன். பீடிக் கசப்பு நாக்கு நுனியிலயே நிக்கும், மாத்திரைக் கசப்பு தொண்டையில போயி உக்காரும். அன்னைக்கு நச்சுன வெரலை நக்கிப் பாத்தவ, எனக்குத் தெரியாதா? கும்பாவை இறக்கி வச்சேன்.

"கஞ்சி கசக்குதேட்டி."

அடுப்புல இருந்து திரும்பாமச் சொன்னா: "பீடி சுத்துத கையில்லாக்கா."

எனக்கு வலிக்கேன்னு செஞ்சாளா, பிள்ளை முகம் அவ பக்கம் திரும்பணும்னு செஞ்சாளா? அன்னைக்கு நான் கலக்கினது தெரிஞ்சுதான் அவளும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சாளா? கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பிள்ளை அங்கன ரெண்டு பாய்க்கும் நடுவுல உக்காந்து பல்லாங்குழி முத்தை உருட்டிக்கிட்டு இருந்துச்சு.

கும்பாவை எடுத்துக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன். "இன்னும் ஒரு கரண்டி ஊத்துட்டி"ன்னு நீட்டினேன்.